வண்டி எங்கே நிற்கும்?

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் ஒருவகைச் செய்தி வருடம் தவறாமல் வரும். கென்யாவில் ஒட்டக நூலகம். கொலம்பியாவில் கழுதை நூலகம். கூடவே ஒரு வண்ணப்படம். பார்த்துவிட்டு நம்ம ஆட்களும் 'அடடா' என்பார்கள். அடடா சொல்லத் தகுந்த காரியம்தான், மறுக்கவில்லை. 1996ல் கென்ய தேசிய நூலகத் துறை கரிசா வட்டாரத்து மேய்ச்சல் மக்களுக்காக ஒட்டக முதுகில் புத்தகப் பெட்டிகளைக் கட்டி அனுப்பியது. லாரி புதையும் மணல்காடு அது. மக்களும் ஓரிடத்தில் குடியிருக்கிறவர்கள் இல்லை. கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர் 1990களின் பிற்பகுதியில் இரண்டு கழுதைகளை ஓட்டிக்கொண்டு குக்கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோனார். கழுதைகளின் பெயர் ஆல்ஃபா, பேத்தோ. சேர்த்துச் சொன்னால் அவர்கள் மொழியில் அரிச்சுவடி. துப்பாக்கிக்காரர்கள் நடமாடிய பகுதி அது. அவர் நெஞ்சுரத்தை மதிக்கிறேன்.

என் சங்கடம் வேறு. இந்தச் செய்திகளையே படித்துப் படித்து நம்ம படிப்பாளிகள் மண்டையில் ஒரு படம் விழுந்துவிட்டது. 'எட்டாத மக்கள்' என்றால் மலையில் இருப்பார்கள், பாலைவனத்தில் இருப்பார்கள், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பார்கள். ரோடு போடாததுதான் குறை. ரோடு வந்தால் புத்தகம் வந்துவிடும். நான் சொல்கிற சேரிக்குத் தார்ரோடு இருக்கிறது. பிரதான சாலையிலிருந்து அரை கிலோமீட்டர். ஊரிலிருந்து அளந்தால் அதுகூடத் தேறாது. நடுவே ஒரு வாய்க்கால், ஒரு களம், ரெண்டு புளியமரம், அவ்வளவுதான். இருநூறு முந்நூறு அடி. இந்த முந்நூறு அடியை ஒட்டகம் தாண்டுமா, கழுதை தாண்டுமா? தமிழ்நாட்டில் எந்த மிருகத்தாலும் தாண்ட முடியாத தூரம் இது.

கேரளத்தில் உண்மையான தூரம் ஒன்று உண்டு. இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடி, முதுவர் பழங்குடியினரின் ஊராட்சி. காட்டு வழியாக மணிக்கணக்கில் நடந்துதான் போய்ச் சேர வேண்டியிருந்தது. அங்கே ஒரு தேநீர்க் கடைக்காரர் 160 புத்தகங்களோடு நூலகம் நடத்தியதைப் பற்றிப் பி. சாய்நாத் 2014ல் எழுதினார். சாக்குமூட்டையில் சுமந்துபோன புத்தகங்கள். அந்தக் காட்டில் புத்தகம் போய்ச்சேர்ந்திருக்கிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வரவில்லை. அப்படியானால் தடுப்பது தூரம் இல்லை என்பது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

நடமாடும் நூலகம் நமக்குப் புதுசும் இல்லை. கென்யாவின் ஒட்டகத்துக்கு அறுபத்தைந்து வருடம் முந்தியே தஞ்சை ஜில்லாவில் ஓடியது. 1931 அக்டோபர் 21ந் தேதி மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்றை எஸ்.ஆர். ரங்கநாதன் தொடங்கிவைத்தார். வண்டியை வடிவமைத்தவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர். அதே வருடம்தான் ரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகள் புத்தகமாக வந்தது. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கான புத்தகம் கிடைக்கவேண்டும் என்பது அதில் இரண்டாம் விதி.

அதே அக்டோபர் மாதம் லண்டனில் இரண்டாவது வட்டமேசை மாநாடு. அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அங்கே இருந்தார்கள். நம் பிரதிநிதி யார் என்பதில் காந்தியோடு அம்பேத்கர் நேருக்கு நேராக மோதிய மாதம் அது. இங்கே மன்னார்குடி வயல்களில் சாணிப்பாலும் சவுக்கடியும் நடைமுறையில் இருந்த காலம். அக்கிரகாரத்துக்குள் பண்ணையாள் கால்வைக்க முடியாது. குடியானத் தெருவில் செருப்போடு போக முடியாது. பொதுத்தெரு, பொதுக்கிணறு, சாவடி எல்லாம் எல்லோருக்கும் உண்டு என்று 1924லேயே சென்னை மாகாண அரசு ஆணை போட்டாயிற்று. ஆணை காகிதத்தில் இருந்தது, தெரு பழையபடி இருந்தது. அந்தத் தெருக்களில் ஒரு வண்டி நிற்கிறது என்றால் அது நிற்கிற இடமே 'யார் வரலாம்' என்பதைச் சொல்லிவிடும். தனியாகப் போர்டு எழுதி மாட்டவேண்டியதில்லை. ரங்கநாதனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவருடைய இரண்டாம் விதியை அவர் பிறந்த ஜில்லாவின் மண்ணில் வைத்துப் படியுங்கள் என்கிறேன். வாசகன் என்று அவர் எழுதிய சொல்லுக்குள் வர முதலில் தெருவுக்குள் வரவேண்டும்.

இன்னொரு ஊர், பரோடா. இந்தியாவில் நூலகப் பெருமை பேசுகிற எவரும் பரோடாவை விடமாட்டார்கள். சாயாஜிராவ் கெய்க்வாட் 1910ல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் பார்டன் என்ற நூலகரை வரவழைத்தார். சமஸ்தானம் முழுக்க ஊர்ஊராக நூலகம். நூலகம் இல்லாத இடங்களுக்குப் பெட்டியில் அடைத்துப் புத்தகங்கள் போய்வந்தன. நல்ல ராஜாதான், அம்பேத்கரைக் கொலம்பியாவுக்கு அனுப்பிய உதவித்தொகை அவர் கொடுத்தது. படித்து முடித்து, ஒப்பந்தப்படி வேலைக்காக 1917ல் அதே பரோடாவுக்கு அம்பேத்கர் வந்து இறங்கினார். தங்க இடம் இல்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிக்கம்போடு கூட்டம் வந்து நின்றது. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்து ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். அவரே எழுதிவைத்திருக்கிறார். புத்தகப் பெட்டிக்கு அந்தச் சமஸ்தானத்தின் குக்கிராமங்களில்கூட இறங்க இடம் இருந்தது. அந்தப் புத்தகங்களை எல்லாம் படித்துவிட்டு வந்த மனுசனுக்குத் தலைநகரத்தில் ஒரு அறை இல்லை. சாயாஜிராவின் நூலகப் புகழைப் பாடுகிற கட்டுரைகளில் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை. நூலக இயக்க வரலாறு ஒரு அலமாரி, சாதி வரலாறு வேறு அலமாரி. நடுவில் அதே வாய்க்கால்.

பழங்கதை போதும், நம்ம காலத்துக்கு வருவோம்.

வண்டி என்பது சாதிக்கு வெளியே இருக்கிற பொருள் என்று யாராவது நினைத்தால் 1997ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும். விருதுநகரைத் தலைமையாகக் கொண்ட புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். சக்கரம் அதே சக்கரம், டிக்கெட் அதே டிக்கெட், பெயர்தான் தீட்டு. கலவரம். அரசாங்கம் என்ன செய்தது? ஏறாதவனை ஏறச்சொல்லவில்லை. எல்லாக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயரை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. சமத்துவமாம். அதே 1997 ஜூன் 30ந் தேதி மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் வெட்டினார்களே, அதுவும் பஸ்ஸை மறித்துத்தான். பொது வாகனம் நிற்கவேண்டிய இடத்தையும் நிற்கக்கூடாத இடத்தையும் ஊர்தான் தீர்மானிக்கிறது. சேரி ஸ்டாப்பில் கைகாட்டினால் நிற்காமல் போகிற டவுன்பஸ்ஸை நம்மில் பார்க்காதவர் யார்?

காகிதத்தின் மதிப்பும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1995 ஆகஸ்டில் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது டிவி, மின்விசிறி, தையல் மெஷின் உடைந்தன. அதோடு நிற்கவில்லை, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் தீயில் போயின. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியிலும் வீட்டோடு சேர்ந்து சான்றிதழ் எரிந்தது. படிப்பு வேலைக்குக் கொண்டுபோகும், வேலை கூலிக்கு ஆள் இல்லாமல் பண்ணிவிடும் என்பது கொளுத்துகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குள்தான் 'நூலகமெல்லாம் சீர்திருத்த வேலை, நிலமும் கூலியும்தான் அரசியல்' என்று சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு இங்கே சண்டை வேண்டாம், தனியாக வைத்துக்கொள்வோம்.

இத்தனையும் சொல்லக் காரணம் ஒரு தாள். எங்கள் பக்கத்து மாணவத் தோழர்கள் சிலர் பணம் திரட்டி, பழைய மினி வேன் ஒன்றைப் புத்தக வண்டியாக மாற்றி, ஒன்றியத்து ஊர்களுக்கெல்லாம் கொண்டுபோகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் நம்ம பிள்ளைகள். புத்தகப் பட்டியல் கேட்டு என்னிடம் வந்தார்கள். வழித்தடத் தாளையும் காட்டினார்கள். பதினெட்டு நிறுத்தம். பஸ்நிலையம், பள்ளிக்கூட வாசல், பிள்ளையார் கோயில் ஆலமரம், பால் சொசைட்டி, மறுபடி பள்ளிக்கூட வாசல். பதினெட்டில் சேரிக்குள் ஒன்றுகூட இல்லை. ஏன் தம்பி என்றேன்.

"பொது இடமா இருக்கணும்ணே. சேரிக்குள்ள நிறுத்துனா இது அவங்க வண்டின்னு முத்திரை குத்திருவாங்க. ஊர்ப் பிள்ளைங்க வராது."

பிள்ளையார் கோயில் ஆலமரம் எப்போது பொது இடம் ஆனது? தேர் வந்தால் நாம் எங்கே நிற்கவேண்டும் என்று கோடு போட்ட மரத்தடி அது. 'பொது' என்கிற சொல்லுக்கு நம்ம ஊரில் ஊர்த்தெரு என்றுதான் அர்த்தம். சேரி எந்நாளும் 'தனி'. ஊர் தேநீர்க் கடைப் பெஞ்சை நினைத்துப்பாருங்கள். டம்ளர் ரெண்டு வைத்தார்கள். பேப்பர் ஒன்றுதான் வாங்குவார்கள். ரெண்டு வாங்க எவனுக்கு மனசு வரும்? அதனால் பேப்பரைப் பெஞ்சில் போட்டார்கள். தரையில் குத்தவைத்திருந்த நம்ம தாத்தாவுக்கு அது கைக்கெட்டும் தூரத்திலேயே எட்டாமல் இருந்தது. திராவிட இயக்கப் படிப்பகங்கள் தமிழ்நாட்டைப் படிக்கவைத்தன என்பதை ஒத்துக்கொள்கிறேன். படிப்பகத்துத் திண்ணை எந்தத் தெருவில் இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும். 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினார்கள். நல்ல திட்டம். நான் போய்ப் பார்த்த ஊராட்சிகளில் கட்டிடம் ஊருக்குள், சாவி ஊர்க்காரர் வீட்டில்.

இன்னொரு தம்பி சமரசம் சொன்னான்: ஊருக்குள் ஒரு நிறுத்தம், சேரிக்குள் ஒரு நிறுத்தம். ரெண்டு பேருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

இந்தச் சமரசம்தான் எனக்கு அதிகப் பயம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகரில் 1939 ஆகஸ்டில் ஐந்து கறுப்பின இளைஞர்கள் நகர நூலகத்துக்குள் போனார்கள். உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுக்கப்பட்டது. ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து, ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வாசித்தார்கள். வாசித்த குற்றத்துக்குக் கைது. அவர்களைத் தயார்செய்து அனுப்பியவர் சாமுவேல் டக்கர் என்ற இளம் வக்கீல். நகரசபை என்ன பண்ணிற்று தெரியுமா? கறுப்பர்களுக்கென்று தனி நூலகம் கட்டி 1940ல் திறந்துவிட்டது. தேய்ந்த புத்தகம், சின்னக் கட்டிடம். அதில் உறுப்பினர் அட்டை தருகிறோம் என்றபோது டக்கர் வேண்டாம் என்று எழுதிவிட்டார். 1961 மார்ச்சில் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில் ஒன்பது மாணவர்கள் மறுபடி வெள்ளையர் நூலகத்துக்குள் போய் உட்கார்ந்து ஜெயிலுக்குப் போகவேண்டியிருந்தது. ரெண்டு நிறுத்தம் என்பது அந்த 1940 கட்டிடம். நம்ம பாஷையில் ரெட்டை டம்ளர். முதலில் ஊர் நிறுத்தம் ரெண்டு மணி நேரம், சேரி நிறுத்தம் அரைமணி நேரம் ஆகும். அப்புறம் புதுப் புத்தகம் அங்கே இறங்கும், அட்டை கிழிந்தது இங்கே வரும். அப்புறம் டீசல் விலை ஏறும். ஒரு நிறுத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். எதைக் குறைப்பார்கள்?

ஒரே நிறுத்தம். அது சேரியில். ஊர்ப் பிள்ளை புத்தகம் வேண்டுமென்றால் வாய்க்காலைத் தாண்டி வரட்டும். நம்ம பிள்ளைகள் ரேஷனுக்கும் தபாலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காலமெல்லாம் அந்தப் பக்கம் நடக்கவில்லையா? வராவிட்டால் என்ன செய்வது என்கிறார்கள். சின்னப்பிள்ளை வரும் என்பது என் கணக்கு. படம் போட்ட புத்தகம் இருக்கிற இடத்துக்குக் குழந்தை வராமல் இருக்காது. அதைத் தடுக்க அப்பனோ தாத்தனோ கையைப் பிடித்து இழுக்கவேண்டும். இழுக்கட்டும். இழுப்பதை அந்தப் பிள்ளை பார்க்கும். எதற்கு இழுக்கிறார்கள் என்று கேட்கும். பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சாதிக்கயிறு கட்டிக்கொண்டு வருகிற காலம் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப்படித்த மாணவர்களே வீடு புகுந்து தலித் மாணவரை வெட்டினார்கள். அதற்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, பொட்டு, பள்ளிப் பெயரில் சாதி எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னது. அறிக்கை சரி. அதோடு ஊர்ப் பிள்ளை சேரிக்குள் வந்து ஒரு மணி நேரம் உட்கார ஒரு காரணமும் வேண்டுமே. இதுவரைக்கும் யாராவது ஒரு காரணம் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார்களா?

ஒரே நிறுத்தம் என்றால் தகராறு வரும், வண்டியே நின்றுபோகும் என்கிற பயம் உண்மையானது. 1997ல் அரசு பணிந்ததைத்தான் மேலே சொன்னேன். 2018ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் பெண் பள்ளிச் சத்துணவு சமைக்கக்கூடாது என்று தகராறு செய்தபோதும் அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றியதுதான். ஆனால் அங்கே கதை வேறுமாதிரி முடிந்தது. இயக்கங்கள் ரோட்டுக்கு வந்தன, மாற்றல் ரத்தானது, வழக்குப் பதிவானது. வண்டி அரசு வண்டியாக இல்லாமல் நம் வண்டியாக இருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது: பணிவதா இல்லையா என்பது நம் கையில்.

சரி, சேரியில் நிறுத்தியாயிற்று. எத்தனை மணிக்கு? தாளில் காலை பதினோரு மணி என்று இருந்தது. பதினோரு மணிக்குச் சேரியில் யார் இருப்பார்கள்? நடக்கமுடியாத கிழவி இருப்பாள், கோழி இருக்கும். நாற்று நடப்போன பொம்பளை சாயந்திரம் அஞ்சுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, உலைவைத்து, ஏழு மணிக்குத்தான் உட்காருகிறாள். வண்டி ஏழுக்கு வரவேண்டும்; விளக்கோடு வரவேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக்காட்ட ஒரு ஆள் வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது நம் மக்களில் எழுத்துக் கற்றவர் எத்தனை பேர்? ஒருத்தர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் அந்தக் காலத்து வாசிப்பு. காதால் படிப்பதும் படிப்புத்தான்.

அந்த ஆள் சேரிப் பெண்ணாக இருக்கட்டும். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டிலிருக்கிற பெண்கள் தெருவுக்கு நாலுபேர் உண்டு. வேன் ஓட்டத்தெரியாது என்பதெல்லாம் ஒரு தடையா? 1991ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றார்கள். ஊரே சிரித்தது. சிரித்து ஓய்ந்தது. மழைக்காலத்தில் வேன் சேற்றில் மாட்டும். சைக்கிள் கேரியரில் ஐம்பது புத்தகம் போகும்.

முன்பணம், ஜாமீன் கையெழுத்து, வீட்டு முகவரிச் சான்று எதுவும் கேட்காதீர்கள். பதினாறு வயதில் ஒரு நூலகத்தில் உறுப்பினர் படிவம் கேட்டேன். அதிகாரி கையெழுத்து வாங்கிவா என்றார்கள். எங்கள் தெருவுக்குத் தெரிந்த அதிகாரி போலீஸ்காரர் ஒருத்தர்தான். அவரிடம் எவன் போவான்? நோட்டில் பெயர், தெரு, புத்தகம் எழுதினால் போதும். தொலைந்தால் தொலையட்டும். தொலைகிற புத்தகம் சேரிக்குள்தான் எங்கேயோ கிடக்கும், யாராவது எடுத்துப் புரட்டுவார்கள்.

புத்தகப் பட்டியலில் எனக்கும் தோழர்களுக்கும் சின்ன வழக்கு. அவர்கள் பட்டியல் முழுக்கக் கொள்கை. தமிழில் வந்த அம்பேத்கர் தொகுதிகள் 37ம் இருக்கட்டும். வண்டியில் முதல் தட்டு அதற்குத்தான். பூமணியின் 'பிறகு', பாமாவின் 'கருக்கு', சிவகாமியின் 'பழையன கழிதலும்', குணசேகரனின் 'வடு' இருக்கட்டும். ஆனால் குரூப் ஃபோர் கைடும் வேண்டும். அதைத்தான் முதல் வாரம் கேட்பார்கள், அதற்காகத்தான் பாதிப் பேர் வருவார்கள், முகம் சுளிக்காதீர்கள். முத்து காமிக்ஸ் கேட்டால் கொடுங்கள். ரமணிசந்திரன் நாவல் கேட்கிற பெண்ணுக்கு அதைக் கொடுங்கள், கூடவே 'கருக்'கையும் வையுங்கள், உபதேசம் வேண்டாம். குழந்தைப் புத்தகங்களை மட்டும் ஒரு தடவை புரட்டிப் பார்த்து வாங்குங்கள். 'என் வீடு' என்று படம் போட்டால் ஓட்டுவீடு, துளசிமாடம், பசுமாடு, பூணூல் போட்ட தாத்தா. நம்ம குழந்தை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டைத் தேடும்.

கடைசியாகக் காசு. மாணவர்கள் உண்டியல் குலுக்கட்டும். ஆனால் இதெல்லாம் தருமம் இல்லை என்பதைச் சேரியில் உரக்கச் சொல்லவேண்டும். 1948ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். அதன்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலாகிறது. தொகுப்பு வீட்டுக்கு வரி கட்டிய ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகத்துக்குள் கால்வைக்காத நம்ம ஆத்தாளும் நூலக வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆக, அரசு வண்டியையும் கேட்கவேண்டும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. சொல்லை எடுக்கட்டும், அந்த இடத்தில் ஒரு நிறுத்தத்தை வைக்கட்டும்.

கேட்க வழி இருக்கிறது. 2022லிருந்து வருடத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சேரியிலிருந்து நாற்பது ஐம்பது பேராகப் போங்கள், பெண்கள் முன்னால் இருக்கட்டும். 'நடமாடும் நூலகம் வேண்டும்' என்று மொட்டையாகத் தீர்மானம் எழுத விடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, சேரியில் எந்த இடம், அம்பேத்கர் மன்றத்து முன்பா, தண்ணீர்த்தொட்டி அருகிலா என்பது வார்த்தைக்கு வார்த்தை எழுதப்படவேண்டும். எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு மேலே காலியிடம் விடாமல் கோடு இழுத்து மூடச்சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைக் கையோடு செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.